மணி அடிக்காத இரண்டு நிமிடங்கள்

வேகம் சரி, நொடிக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு பிட், எழுத்துக்கு எட்டு, கடைசியில் ஒரு நிறுத்தம், பிழை சரிபார்க்கிற பாரிட்டி கிடையாது என்று சொல்லிக்கொண்டே பழைய ஃபைலில் இருந்த வரியைப் புதிய ஃபைலில் தட்டிய கோகிலவாணிக்கு, தான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. பேசினால் என்ன, கேட்பதற்கு யார் இருக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்கால். வடவள்ளியில் மேனேஜர் திருமூர்த்தி சார் புது வீடு கட்டிக் குடிபோகிறார், ஆபீஸ் மொத்தமும் காலையிலேயே இரண்டு வேனில் ஏறிப் போய்விட்டது. நீங்க வரலீங்களா என்று கேட்டவர்களிடம், திங்கட்கிழமை புது போர்டு ஓடியாக வேண்டும், வேலை கிடக்கிறது, சாயங்காலம் வந்து தலையைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாள். போகமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். பந்தியில் பக்கத்து இலைக்காரி முதலில் எந்த ஊருங்க என்பாள், அப்புறம் வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க என்பாள், கல்யாணம் ஆகலீங்க என்றதும் திடீரென்று ரசம் ஊற்றுகிறவரை அவசரமாகக் கூப்பிடுவாள். நாற்பத்து நாலு வயதில் அந்த ரசம் வரும் வரைக்கும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு, இங்கே இந்த மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இது எதையும் கேட்காது. கீழே லேத் பட்டறைக்காரர்கள் அரை நாள் லீவு, எப்போதும் தரை வழியாக ஏறிவரும் அந்த அதிர்வு இல்லை. அது இல்லாதபோதுதான் அது இத்தனை வருஷமாகக் காலுக்கடியில் இருந்தது என்றே தெரிகிறது. ஏ.சி. பெட்டிமேல் ஒரு புறா நகத்தைப் பிறாண்டுகிறது. மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதத்தின் ஊறுகாய் வாசமும் காலையில் யாரோ சால்டரிங் வைத்த புகை வாசமும் கலந்து அறைக்குள் நிற்கின்றன. அடுத்த வரி.

அடுத்த வரி, அடுத்த வரி. பழைய சில்லை, போர்டின் மூளையான அந்தச் சிப்பை, செய்கிற கம்பெனி அதை நிறுத்திவிட்டது, ஆகவே பழைய போர்டில் ஓடியதையெல்லாம் புது சில்லுக்கு மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். இந்த ஆபீஸில் செய்வது சிரிஞ்ச் பம்ப், ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே அது. ஊசிக்குழாயின் பின்பக்கத்தை மோட்டார் தலைமுடி அகலம் தலைமுடி அகலமாகத் தள்ளிக்கொண்டிருக்கும், மணிக்கணக்காக. உள்ளே இரண்டு போர்டு. ஒன்று மோட்டாரைச் சுற்றும், இன்னொன்றில் திரையும் மணியும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக இரண்டு ஒயர், அதுதான் சீரியல் போர்ட். ஒரு எழுத்துக்குப் பின்னால் இன்னொரு எழுத்தாக வரிசையில் வரும். வருகிற எழுத்தை அந்தந்த நேரத்தில் வாங்கி உள்ளே வைக்கிற புரோகிராமுக்குப் பேர் டிரைவர். அண்ணன் ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில் பெருமையாக, எம்பட தங்கச்சி டிரைவருங்க, என்று சொல்லிவைக்க, ஒரு பெரியவர் வந்து லாரியா பஸ்ஸா கண்ணு என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு சின்ன வண்டிதாங்க என்றாள். அது ஒன்பது வருஷம் முன்னால். அப்போது அப்படிச் சிரிக்க வந்தது. அதை ஆபீஸில் வந்து சொன்னபோது கூட வேலை பார்த்த பெனாசிர் மேஜைமேல் தலையை வைத்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர, கோகிக்கா சின்ன வண்டிதாங்க, கோகிக்கா சின்ன வண்டிதாங்க என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே திரிந்தாள். பெனாசிரை எதற்கு இப்போது. அடுத்த வரி.

அடுத்த வரியில் ஓர் ஏழு இருந்தது. அவள் ஏழு என்று தட்டினாள், பிறகு அந்த விரல் அங்கேயே நின்றது. இவர்கள் உபயோகிக்கிற இயங்குதளம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது மாதிரி இல்லை, இதில் ஒவ்வொரு வேலைக்கும் குறித்த நேரம் உண்டு, நேரம் தவறி வந்த சரியான பதிலும் தப்புத்தான். யாரை நிறுத்திவிட்டு யாரைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் ஓர் எண். எண் சிறிசாக இருக்கிறவன்தான் பெரிய ஆள். திரைக்கு ஆறு. சீரியல் போர்ட்டுக்கு ஏழு. அதாவது திரை வேலை பார்க்கும்போது சீரியல் போர்ட் வாசலில் நிற்க வேண்டும். ஏன் அப்படி? அது ஐந்தாகத்தானே இருந்தது. ஐந்தாகத்தான் இருந்தது, அவளேதான் ஐந்து என்று போட்டாள். பிறகு நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சி வந்தது. மிஷினின் திரையில் ஓடுகிற கிராஃப் கோடு நொடிக்கொரு தரம் கொஞ்சம் நடுங்கியது. திருமூர்த்தி சார் வந்து பின்னால் நின்று பார்த்தார். டாக்டருங்க முதல்ல பாக்கறது திரையைத்தானுங்க கோகிலா, நடுங்கற மிஷினை யாரு நம்புவாங்க, என்றார். கூரியர்காரன் கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் ஐந்தை ஏழாக்கினாள். நடுக்கம் நின்றது. அவ்வளவுதான், ஒரு எண்ணில் தீர்ந்துவிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள், சாயங்காலம் முக்கு வண்டிக்கடையில் காளான் வாங்கி வந்து தின்றார்கள். வெங்காயத்தை மட்டும் பொறுக்கித் தின்றவள் பெனாசிர்.

திரை நொடிக்கொரு தரம் அந்தக் கிராஃபை வரைய நாலு மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். நொடியில் ஆயிரத்தில் நாலு பங்கு, கண் சிமிட்டுவதற்கு இதைப்போல எத்தனையோ மடங்கு ஆகும், அது ஒரு நேரமா. ஆனால் சீரியல் போர்ட்டில் அந்த நேரத்துக்குள் நாற்பத்தைந்து எழுத்து வந்துவிடும். பழைய சில்லில் வாசலில் ஓர் எழுத்து நிற்பதற்குத்தான் இடம், அதை எடுக்குமுன் அடுத்தது வந்தால் ஒன்று போச்சு. போனது போனதுதான், யாரும் திரும்பச் சொல்லமாட்டார்கள். திரும்பச் சொல்லமாட்டார்கள் என்றில்லை, சாதாரணச் செய்தியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதற்கெல்லாம் ஏற்பாடு இருக்கிறது. ஒன்றே ஒன்றுக்குத்தான் இல்லை. குழாயில் அடைப்பு, மருந்து போகவில்லை, நான் மோட்டாரை நிறுத்திவிட்டேன், மணி அடி, என்று மோட்டார் போர்டு சொல்வதற்கு. அதை மோட்டார் போர்டு தானாக மூன்று தடவை அடுத்தடுத்துச் சொல்லும். மூன்று தடவையும் சேர்த்து முப்பத்தாறு எழுத்து. முப்பத்தாறு. நாற்பத்தைந்துக்குள் முப்பத்தாறு அடங்கும். இந்தக் கணக்கு அவள் தலைக்குள் ஓடியபோது காது மடல் சூடானது, ஏ.சி. காற்று நேரே முகத்தில் அடித்துக்கொண்டிருந்தும். அடங்கும். கிராஃப் வரைகிற அந்த நேரத்தில் அடைப்புச் செய்தி வந்தால் மூன்றும் போகும். முந்நூறு அடைப்பில் ஒரு தடவை அப்படி நேரலாம். இதையேதான் அன்றைக்குப் பெனாசிர் கேட்டாள். அதைத்தான் இவ்வளவு நேரம் நினைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தோமோ.

பெனாசிர் மோட்டார் போர்டைச் செய்தவள். கோட்டைமேட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், பதினோரு வருஷம் பக்கத்து மேஜை, டிபன் பாக்ஸ் இரண்டும் ஒன்றாகத்தான் திறக்கும். கண்காட்சி முடிந்த மறுவாரம், பெரிய மேஜையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அக்கா, எம்பட போர்டு மூணு தடவை சொல்லும், உங்க போர்டு ஒரு தடவையாவது கேக்குமா, ஏழுன்னு மாத்தியிருக்கீங்களே, என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். முதலாளியும் அன்றைக்கு உட்கார்ந்திருந்தார், அதுதான். அத்தனை பேர் முன்னால் கைதட்டு வாங்கிய எண்ணை இவள் தொட்டுக் காட்டிவிட்டாளே என்று கோகிலவாணிக்கு உள்ளே ஒன்று எழும்பியது. கேக்கறதை நான் பாத்துக்கறேன், நீ உன்ற கம்பி வேலையைப் பாரு, என்றாள். யாரோ ஒருத்தன் சிரித்தான். பெனாசிர் சிரிக்கவில்லை. நோட்டை மூடி அதன்மேல் பேனாவை நேராக வைத்தாள், பேனா உருண்டது, மறுபடி நேராக வைத்தாள். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸ் தனித்தனியாகத் திறந்தது. எட்டு மாதம் கழித்து ஓசூரில் வேலை கிடைத்துப் போனாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வீட்டுக்காரருக்கு அங்கே மாற்றல், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கடைசி நாளன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள், இவளுக்கும் கொடுத்தாள். வர்றேனுங்க என்றாள். மூன்று வருஷமாகிறது. இரண்டு ரம்ஜானுக்கு வாழ்த்து டைப் அடித்து, அனுப்பாமல் அழித்தாள்.

கணக்கு தப்பாக இருக்கலாம். காகிதத்தில் எல்லாமே கெட்டதாகத்தான் வரும், மிஷின் வேறு மாதிரி நடந்துகொள்ளும், எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். எழுந்துபோய் ஸ்டோர் அலமாரியிலிருந்து பழைய பம்ப் ஒன்றை இறக்கினாள். வெளியே ஆஸ்பத்திரிகளில் இருக்கிற அறுபத்து மூன்று மிஷினுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஊசிக்குழாயில் தண்ணீர் நிரப்பி, மாட்டி, டியூபின் நுனியைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விட்டாள். வேகத்தைக் கூட்டினாள். டியூபை இடுக்கியால் நசுக்கினாள். பத்து நொடியில் உள்ளே அழுத்தம் ஏறி மோட்டார் நின்றது, மணி அடித்தது. அணைத்தாள், விட்டாள், மறுபடி நசுக்கினாள். அடித்தது. நோட்டில் ஒரு கோடு. அடித்தது, கோடு. அடிக்க அடிக்க அவளுக்கு லேசாக இருந்தது, பார்த்தாயா பார்த்தாயா என்று யாரிடமோ சொல்வதுபோல இருந்தது. ஐம்பது தாண்டியபோது கட்டைவிரல் வலித்தது. வடவள்ளியில் இந்நேரம் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். நூறு தாண்டியபோது, இதை ஏன் இவ்வளவு நேரம் செய்துகொண்டிருக்கிறோம், அடிக்காது என்று எதிர்பார்த்தா, அடிக்கும் என்று எதிர்பார்த்தா என்று தோன்றியது.  முன்னொருமுறை பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மிஷினை மாட்டப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தை கிடந்தது. மருந்து போகிற குழாய் அதன் விரலைவிடத் தடியாக இருந்தது. அதன் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பன்னை டீயில் நனைத்து, தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். நனைந்த பாதி ஒடிந்து தரையில் விழுந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. நூற்று இருபது. நூற்று ஐம்பது. தண்ணீர் இரண்டு தடவை மாற்றியாயிற்று. நூற்று அறுபத்தெட்டாவது தடவை நசுக்கினாள், மோட்டார் நின்றது, அடிக்கவில்லை.

அடிக்கவில்லை. கையை எடுக்கக்கூடாது, எடுத்தால் அடைப்பு போய்விடும், அப்படியே பிடித்திரு. கடிகாரம் மூன்று ஐம்பத்திரண்டு, முள் இருபதில். திரையில் பச்சை எழுத்தில் ஓடுகிறது என்று போட்டிருக்கிறது. ஓடவில்லை. காதை வைத்துக் கேட்டாள், மோட்டாரின் அந்தச் சன்னமான முனகல் இல்லை, தொட்டுப் பார்த்தாள், சில்லென்று செத்துக் கிடக்கிறது, ஆனால் திரையில் கிராஃப் கோடு நடுக்கமே இல்லாமல் வழுவழுவென்று போய்க்கொண்டிருக்கிறது, எவ்வளவு அழகான கோடு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திரை போர்டு மோட்டார் போர்டைக் கூப்பிட்டு எப்படியிருக்கிறாய் என்று விசாரிக்கும், அதுவும் அவள் எழுதியதுதான், அப்போது தெரிந்துவிடும். ஆக இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடும். பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெட்டிக்குள் கிடந்ததற்கு ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கிற மருந்து அதில்தான் போயிற்று, டாக்டர் சொன்னார், ஒரு நிமிஷம் நின்னாக்கூட இறங்கிரும்மா என்று, அப்போது தலையை ஆட்டிக்கொண்டுதானே கேட்டோம். அரை நிமிடம் ஆகிறது. அரை நிமிடம் இவ்வளவு நீளமா. நாலு வருஷம், அறுபத்து மூன்று மிஷின், நாளைக்கு எத்தனை அடைப்பு வரும், குழந்தை கையை மடக்கினாலே அடைப்புத்தான், அப்படியென்றால் எத்தனை முந்நூறு. வேண்டாம், அதைப் பெருக்காதே. யாரும் ஒரு புகார் சொல்லவில்லையே. இடுக்கி நழுவப் பார்க்கிறது, இடது கையையும் கொடுத்துப் பிடித்தாள். இப்போது எழுந்து புது ஃபைலில் ஏழை ஐந்தாக்கிவிட்டால் புது மிஷின்கள் எல்லாம் சரியாகிவிடும். பழையது இன்னும் மூன்று நாலு வருஷத்தில் தானாகவே கழிந்துபோகும். இந்த அறையில் யாரும் இல்லை. இந்த ஃபைலை அவளைத் தவிர யாரும் திறந்ததில்லை, திறக்கப்போவதுமில்லை. நூற்று அறுபத்தெட்டு கோடு போட்ட காகிதத்தைக் கிழித்துப் போட்டால் உலகத்தில் இது ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும். அவளுக்கு நாலு வருஷமாகத் தெரியும். ஒரு நிமிடம் பத்து நொடி. கொஞ்ச நேரம் முன்னால் தனியாக இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது, கேட்க ஆளில்லாமல் பேசிக்கொள்ளலாம் என்று. இப்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று, ஐயோ, என்று மட்டும் சொன்னால் போதும்போல் இருந்தது. வாட்ச்மேனாவது. அவளே ஐயோ என்று சொல்லிப்பார்த்தாள். சத்தம் சின்னதாக வந்தது. புறாகூடப் போய்விட்டது. அடி. அடித்துத் தொலை. ஒன்று நாற்பது. அந்தப் பெஞ்சுப் பெண்ணுக்குப் பேர் என்ன. கேட்கவே இல்லை. ஒன்று நாற்பத்தெட்டில் மணி அடித்தது, அவள் நாற்காலியோடு பின்னால் போனாள், டப்பா உருண்டு தண்ணீர் மேஜையெங்கும் ஓடியது.

தண்ணீரைத் துடைக்காமல் திருமூர்த்தி சாருக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்பும், குழந்தைகள் மாடிப்படியில் ஓடுகிற சத்தம். சொல்லுங்க கோகிலா, எங்க இருக்கீங்க, உங்களுக்கு இலை எடுத்து வெச்சிருக்குது, என்றார். அவள் சொன்னாள். ஏழு, ஐந்து, நாலு மில்லிசெகண்ட், நூற்று அறுபத்தெட்டு, ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி. அவர் போனோடு எங்கோ நடந்துபோவது கேட்டது, ஒரு கதவு மூடியது, சத்தங்கள் அடங்கின.

“கம்ப்ளெயின்ட் ஏதாச்சும் வந்துதுங்களா இத்தனை வருஷத்துல?”

“வரலீங்க சார்.”

“சரி. இப்பவே போன் பண்ணிச் சொல்லோணுங்கறீங்க. சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? மிஷினை நிறுத்துவாங்க. நிறுத்தினா மாத்து மிஷின் எங்கிருக்குது? வெறும் பயத்தை மட்டும் குடுத்துட்டு போனை வெக்கறதா? யோசிச்சுப் பாருங்க. எல்லாத்துக்கும் புது புரோகிராம் ஏத்த ஒரு மாசம் ஆகும்.”

அவர் ஒளிக்கச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒளித்துவிடு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். என்ன பண்ணட்டும் என்றல்லவா கேட்கிறார். கொஞ்ச நேரம் குடுங்க சார் என்று வைத்தாள். பதில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மோட்டார் போர்டு மூன்று தடவை சொல்லிவிட்டு ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதைத் தொடர்ந்து சொல்ல வைக்க முடிந்தால். அந்த போர்டுக்குள் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் போன் நம்பர் இன்னும் கோகிக்கா என்று கூப்பிட்ட நாளில் இருந்த அதே நம்பராக இருக்குமா. பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, எடுக்கக்கூடாது, எடுத்துவிடக்கூடாது, இல்லை எடுக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டாள். ஐந்தாவது மணியில் பெனாசிர் எடுத்தாள்.

“சொல்லுங்க மேடம்.”

மேடம். அந்த ஒரு சொல் அவள் வைத்திருந்த முன்னுரை முழுவதையும் துடைத்துப்போட்டது. நல்லாருக்கியா என்று கேட்கவில்லை, வீட்டில் எல்லோரும் எப்படி என்று கேட்கவில்லை. நீ அன்னிக்குக் கேட்டது சரி, என்றாள். என்ன கேட்டேன் என்றாள் பெனாசிர். ஏழு, என்றாள் கோகிலவாணி. அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது, யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

“எத்தனைல ஒண்ணு தப்புது?”

“நூத்தி அறுவத்தெட்டுல ஒண்ணு பார்த்தேன். முந்நூறுல ஒண்ணுன்னு கணக்கு வருது. நான் கேக்கலை பெனாசிர். எல்லாரும் இருந்தாங்கன்னு... நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“அதை விடுங்க. வெளிய எத்தனை மிஷின்?” என்று கேட்டு, அறுபத்து மூன்று என்றதும் அறுபத்து மூணா என்றாள். பிறகு, “மிஷின் திரையில மோட்டார் சர்வீஸ் பக்கத்துக்குப் போங்க. பதினோராவது வரி. அங்க மூணுன்னு இருக்கும்.”

இருந்தது. அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், அந்த வரி மோட்டாரின் சுற்றுக் கணக்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறாள்.

“அதைப் பூஜ்யம் ஆக்குங்க. உங்க போர்டு கேட்டேன்னு பதில் சொல்ற வரைக்கும் நிறுத்தாம சொல்லிட்டே இருக்கும். புரோகிராம் மாத்த வேண்டியதில்லை, ஆஸ்பத்திரில நர்ஸே மாத்திக்கலாம். அந்த மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே எழுதி வெச்சேன். யாராச்சும் கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். யாரும் கேக்கலை.”

“நீ ஏன் சொல்லலை?” என்று வாய்வரை வந்துவிட்டது. கம்பி வேலையைப் பாரு என்று சொன்ன வாய். அதை விழுங்கினாள். போனை வைக்காமலே பூஜ்யம் போட்டாள், நசுக்கினாள், அடித்தது, நசுக்கினாள், அடித்தது, அந்தப் பக்கம் பெனாசிர் ஒவ்வொரு மணியையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சரி மேடம், நீங்க முந்நூறாச்சும் பாத்துருங்க, குழந்தைக்குச் சோறு ஊட்டணும், வெக்கறேன், என்றாள். கோகிலவாணி இன்னும் ஏதோ வரும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தாள். வரவில்லை. மன்னித்தாளா இல்லையா என்று தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஆனால் ஊட்ட வேண்டிய சோற்றை வைத்துவிட்டு இத்தனை நேரம் மணியைக் கேட்டாளே. அதை இப்போது எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம் என்று நினைத்தாள்.

கையால் செய்தால் நேரமாகும் என்று, கிராஃப் வரையத் தொடங்குகிற அதே கணத்தில் அடைப்புச் செய்தி வருகிறமாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதி, தன் கம்ப்யூட்டரை அந்த இரண்டு ஒயரோடு இணைத்தாள். மூன்றாக இருந்தபோது ஒவ்வொரு தடவையும் தவறியது, ஒவ்வொரு தடவையும், பார்க்கவே பயமாக இருந்தது. பூஜ்யத்தில் ஐந்நூறுக்கு ஐந்நூறும் அடித்தது. திருமூர்த்தி சாரை மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள். ஆஸ்பத்திரி லிஸ்ட் என் மேஜை டிராயர்ல இருக்குது, மேல இருந்து நீங்க ஆரம்பிங்க, நான் வேட்டியோடயே வர்றேன், கீழ இருந்து நான் கூப்பிடறேன், முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன், என்றார்.

லிஸ்டில் முதல் பேர் தாராபுரம் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு மிஷின். எடுத்த சிஸ்டருக்கு நடுவயது இருக்கும், குரல் களைத்துப்போய் ஆனால் நிதானமாக இருந்தது. இன்று மத்தியானம் முழுக்க இது மூன்றாவது குரல் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. ஒரு மிஷின் சும்மா இருக்கிறது, ஒன்று ஒரு பாப்பாவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள் சிஸ்டர். ஓடுகிறதைத் தொடாதீங்க, சும்மா இருப்பதில் முதலில் மாற்றுங்க, டாக்டரிடம் சொல்லிப் பாப்பாவின் மருந்தை அந்த மிஷினுக்கு மாற்றிப் போடுங்க, அதுவரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கோங்க என்று கோகிலவாணி ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சிஸ்டர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். பதினோராவது வரி, பூஜ்யம், சேவ். ஆச்சுங்க. பிறகு சிஸ்டர் கேட்டாள்.

“ஏனுங்க, அடைப்பு வந்தா மணி அடிக்காமப் போகும்னு சொன்னீங்களே. மோட்டார் நின்னுரும், மணி மட்டும் அடிக்காது, அப்படித்தானுங்களா?”

“அப்படித்தாங்க. இரண்டு நிமிஷம் வரைக்கும்.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் ஏதோ ஒரு மிஷின் சீராகச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.

“போன ஐப்பசில எனக்கு அப்படி ஆச்சுங்க,” என்றாள் சிஸ்டர். “நான் பக்கத்துக் கட்டில்ல இருந்தேன். திரும்பிப் பாத்தா பாப்பா நெறம் மாறியிருக்குது, மிஷின் நின்னு கெடக்குது. டியூபை நிமிர்த்தி விட்டேன், வந்துருச்சு, நல்லாத்தான் இருக்குது, வீட்டுக்குப் போயிருச்சு. ஆனா மணி அடிச்சிருக்கும், நான்தான் அமத்திட்டு வேற வேலையா போயிட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. எனக்கு மெமோ குடுத்தாங்க. நான் அமத்தலைன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி, ஒரு வாரம் கழிச்சு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அமத்தியிருப்பேனோன்னு. இருவது வருச சர்வீஸ்ங்க. அன்னைலிருந்து இன்னைக்கு வரைக்கும் வீட்டுக்குப் போயும் இந்தக் கையைத்தான் பாத்துட்டிருக்கேன்.”

 மேஜையில் தேங்கியிருந்த தண்ணீர் நுனியிலிருந்து கோகிலவாணியின் மடியில் சொட்டியது, அவள் நகரவில்லை.

“நீங்க அமத்தலீங்க,” என்றாள். “மணி அடிக்கவே இல்லை. அந்தப் புரோகிராமை எழுதினது நான்தாங்க. தப்பு என்னுது.”

“இதை டூட்டி புக்குல எழுதிக்கட்டுங்களா?”

“எழுதிக்கோங்க. கம்பெனி லெட்டர்லயும் எழுதி அனுப்பறேன். இப்ப நீங்க எழுதிக்கோங்க.”

காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது, பேனா மூடி கழல்கிற சத்தம் கேட்டது. உங்க பேரு சொல்லுங்க என்றாள் சிஸ்டர். கோகிலவாணி சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, எழுதுகிற கை எட்டிப்பிடிக்கும் வரைக்கும் காத்திருந்து சொன்னாள்.